எட்டாங்கிரேடு சர்டிபிகேட்டை ஃப்ரேம் போட்டு மாட்டிக்கோங்க!

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. இன்னிக்கு எழுத வச்சது கோவம்.

அக்கா பையன் சென்னையில பியானோ கத்துக்கறான். ஏழு வயசுல ஆரம்பிச்சான். ஏபிஆர்எஸ்எம் எட்டாவது கிரேடு, மெரிட். வீட்ல கேக் எல்லாம் வெட்டினாங்க. மியூசிக்ல டிகிரி பண்ணப் போறேன்னு போன மாசம் ஒரு வெளிநாட்டுக் கல்லூரிக்கு ஆடிஷன் குடுத்தான். ரெடி பண்ணி வச்சிருந்த பீஸை நல்லாத்தான் வாசிச்சிருக்கான். அப்புறம் ஒரு புதுப் பக்கத்தைக் காட்டி வாசிக்கச் சொல்லியிருக்காங்க. "மாமா, பாத்ததும் கை அப்படியே நின்னுடுச்சு"ன்னான். இடம் கிடைக்கல. அக்கா இப்போ இஞ்சினியரிங் அப்ளிகேஷனோட நிக்கிறா.

எட்டு கிரேடு முடிச்சவனுக்கு நோட்டேஷன் படிக்க வரலைன்னா தப்பு யாருது? பையனோடதுன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

கணக்கைப் பாருங்க. நேர்ல போய் எழுதுற பிராக்டிகல் கிரேடுக்கு மொத்தம் 150 மார்க். மூணு பீஸுக்கு தலா 30, ஸ்கேலுக்கு 21, சைட் ரீடிங்குக்கு 21, ஆரல் டெஸ்டுக்கு 18. பாஸாக 100, மெரிட்டுக்கு 120. ஒருத்தன் பீஸ்ல தலா 27, ஸ்கேல்ல 18, ஆரல்ல 15 வாங்கிட்டு சைட் ரீடிங்ல வெறும் 7 வாங்கினாலும் மொத்தம் 121. மெரிட்! 2020ல வந்த பெர்ஃபார்மன்ஸ் கிரேடுல சைட் ரீடிங்கே கிடையாது. நாலு பீஸ் வாசிச்சு வீடியோ எடுத்து அனுப்பினா போதும்.

இதை நம்மூர் கிளாஸ்கள் கரெக்டா புடிச்சுக்கிச்சு. வருஷத்துக்கு மூணு பீஸ். அதையே பத்து மாசம் உருப்போடு. பரீட்சை முடிஞ்சதும் மறந்துடு, அடுத்த கிரேடு ஃபீஸ் கட்டு. எட்டு கிரேடுக்கு மொத்தமே 24 பீஸ். பத்தாங்கிளாஸ்ல கோனார் நோட்ஸ் மனப்பாடம் பண்ணி செண்டம் வாங்கினோமே, அதே வித்தைதான். நானும் அஞ்சாங்கிரேடு வரைக்கும் இப்படித்தான் வாசிச்சேன். இன்னிக்கு ஒரு பீஸ் ஞாபகம் இல்ல.

சரி, என்ன பண்ணியிருக்கணும்?

முதல்ல, 61 கட்டை கீபோர்டை ஓரங்கட்டணும். 88 கட்டை, வெயிட்டட் கீ, ஒழுங்கான பெடல். இது இல்லாம விரலுக்கு பலம் வராது. தினமும் கால் மணி நேரம் இதுவரைக்கும் பாக்காத ஏதாவது ஒண்ணை, ரெண்டு கிரேடு கீழ இருந்தாலும் பரவால்ல, நிக்காம வாசிக்கணும். தப்பு வந்தாலும் நிறுத்தக் கூடாது. கேட்டதைப் பாடிக் காட்டப் பழகணும். அஞ்சாங்கிரேடு தியரியோட புத்தகத்தை மூடி வைக்காம நாலு குரலுக்கு ஹார்மனி எழுதிப் பாக்கணும்.

ஆடிஷனுக்கு பல இடத்துல கேக்கறது ஒண்ணுக்கொண்ணு மாறுபட்ட பீஸ்கள். பாக்கோட ஒரு பிரெலூட்-ஃபியூக், பீத்தோவன் மாதிரி ஒருத்தரோட சொனாட்டா, ஷோபான் எட்யூட், அப்புறம் 20ம் நூற்றாண்டு பீஸ் ஒண்ணு. ஃபியூக்ல மூணு நாலு குரல் தனித்தனியா கேக்கணும். அது கடைசி ஆறு மாசத்துல வராது சாமி. ரெண்டு வருஷமாவது வேணும்.

"கிரேடுக்கு பிரிட்டன்ல பாயிண்ட் உண்டே"ன்னு சில பேர் கெளம்புவீங்க. உண்டு. எட்டாவது கிரேடு டிஸ்டிங்ஷனுக்கு 30 யூகாஸ் பாயிண்ட், மெரிட்டுக்கு 24. ஆனா கன்சர்வட்டோயர்ல உள்ள விடுறது ஆடிஷன்தான். அங்க சர்டிபிகேட் வாசிக்காது, நீங்கதான் வாசிக்கணும்.

கிரேடே வேணாம்னு சொல்லல. அது மைல்கல். மைல்கல்லையே ஊருன்னு நெனச்சு பெட்டி படுக்கையை எறக்கிட்டோம், அதான் பிரச்சனை.

அக்காகிட்ட ஒரு வருஷம் டைம் கேட்டிருக்கேன். "உன்னை மாதிரி பொட்டி தட்டினா போதாதா"ங்கறா. பொட்டி தட்டறவன்தான்க்கா சொல்றேன், போதாது.

டிஸ்கி: கிளாஸ் பேரு கேட்டு பின்னூட்டம் போடாதீங்க, சொல்ல மாட்டேன். உங்க தெருவுல இருக்கறதும் அநேகமா அதே மாதிரிதான்.