பதிலை அந்தப் பிள்ளையே சொல்லட்டும்

கொல்கத்தாவின் டாலிகஞ்சில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோரே, உங்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. பூஜைப் பந்தலில் டாக் மேளம் அதிரும்போது, பதினொரு வயதுப் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கூட்டத்திலிருந்து நழுவப் பார்க்கிறது. "இவ்வளவு வளர்ந்தும் பயமா? தம்பியைப் பாரு!" என்று நாலு பேர் முன்னால் கேட்கிறீர்கள். பள்ளி திறந்ததும், வகுப்பில் எழுந்து வாசிக்க வேண்டிய நாளில் அதற்கு வயிற்றுவலி வருகிறது. உடனே லீவு லெட்டர் எழுதிக் கொடுக்கிறீர்கள். அன்று அவமானம், இன்று அடைக்கலம். தன்னால் எதுவும் ஆகாது என்பதைத்தான் பிள்ளை இரண்டிலிருந்தும் கற்றுக்கொள்கிறது.

பிள்ளையின் இந்தப் பயம் அடமும் அல்ல, உங்கள் வளர்ப்பின் குறையும் அல்ல. ஹார்வர்டில் உளவியலாளர் ஜெரோம் கேகன் நாலு மாதக் குழந்தைகளுக்குப் புதிய சத்தங்களையும் பொம்மைகளையும் காட்டிப் பார்த்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒன்று கைகாலை உதைத்து அழுதது. அப்படிப்பட்டவர்களில் பலர் கூச்சத்தோடு வளர்ந்தார்கள். ஆனால் எல்லாருமே பயந்தாங்கொள்ளிகளாகிவிடவில்லை. யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் பயப்படும் பிள்ளையை விட்டுவிட்டுப் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார். 2020இல் வெளியான அவர் குழுவின் ஆய்வில், பிள்ளைக்கே நேரடியாகக் கொடுத்த சிகிச்சைக்கு அது குறைந்துபோகவில்லை. மாற வேண்டியது முதலில் யார் என்று இப்போதாவது யோசியுங்கள்.

பிள்ளையை நம்பிய ஒரு தந்தையைப் பாருங்கள். நீங்கள் மெட்ரோ ஏறினால் கிரீஷ் பார்க்கில் இறங்கி நடக்கிற தூரத்தில்தான் ஜொராசாங்கோவின் தாகூர் குடும்ப வீடு. 1873இல் அந்த வீட்டில் ரவீந்திரநாத் தாகூருக்குப் பதினொரு வயது. பூணூல் போட்டு மொட்டை அடித்திருந்தார்கள். பள்ளியில் பையன்கள் கேலி செய்வார்களே என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தான். அந்த நேரத்தில்தான் தந்தை தேவேந்திரநாத், இமயமலைக்கு வருகிறாயா என்று கேட்டார். பயணத்தில் தன் தங்கக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் வேலையைப் பிள்ளையிடமே விட்டார். அவன் ஆர்வத்தில் சாவியை முறுக்கித் தள்ள, கடிகாரம் ரிப்பேருக்குக் கல்கத்தா போனது. டல்ஹவுசி மலையில் கையில் கம்போடு தனியே சுற்ற விட்டார். செல்லம் ஒன்றும் இல்லை: விடியுமுன் எழுப்பி சமஸ்கிருதம், பிறகு விறைக்கிற தண்ணீரில் குளியல்.

உங்களால் இமயத்துக்குப் போக முடியாமல் இருக்கலாம். பந்தலுக்குக் காலையில் கூட்டமில்லாதபோது கூட்டிப் போகலாமே! மிஷ்டி தோய் வேண்டுமென்றால் கடைக்காரரிடம் பிள்ளையே கேட்டு வாங்கட்டும். வயிற்றுவலி நிஜம்தான், நடிப்பு என்று திட்டாதீர்கள். "பயமா இருக்குன்னு தெரியுது, உன்னால தாங்கிக்க முடியும்னும் தெரியும்" என்று சொல்லிப் பள்ளிக்கு அனுப்புங்கள். வீட்டுக்கு வந்த மாமா "எந்த கிளாஸ்?" என்று கேட்டால், பிள்ளை வார்த்தை தேடும் அரை நிமிடம் வாயை மூடிக்கொண்டிருங்கள்.

பெண் பிள்ளை வைத்திருப்பவர்களே, உடம்பில் வரப்போகும் மாற்றத்தை வருவதற்கு முன்பே சொல்லுங்கள். பிறகு அவளைக் கேட்காமல் மஞ்சள் நீராட்டுக்குப் பத்திரிகை அடித்து, கூச்சத்தில் கூனிக் குறுகுகிறவளை மேடையில் உட்கார வைக்காதீர்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, வாரக்கணக்கில் பள்ளிக்குப் போக மறுத்தால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று பார்க்காமல் மனநல மருத்துவரிடம் போங்கள். அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. தமிழிலும் வங்காளத்திலும் பேசலாம், காசு கிடையாது.