பூட்டும் ஓவியமும்

வடமதுரையிலும் அதன் சுற்றூர்களிலும் பள்ளி மாணவரின் குறிப்பேடுகளைப் புரட்டினால், கடைசிப் பக்கங்களில் கவசம் அணிந்த மறவரையும் நெருப்பைக் கக்கும் டிராகனையும் காணலாம். முன்னாளில் அவ்விடத்தில் திரைப்பட நடிகரின் முகங்கள் இருந்தன. இந்நாளில் கணினி விளையாட்டின் வீரர்கள் அங்கே குடிபுகுந்துவிட்டனர். இவ்வாறு வரையும் மாணவன் ஒருவன், 'விளையாட்டுகளுக்கு ஓவியம் வரைவதே என் தொழில் ஆகும்' என்று வீட்டில் சொன்னால், கேட்போர் சிலர் நகைப்பர், சிலர் அஞ்சுவர். நகைப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை. அச்சத்திலோ ஓரளவு நியாயம் உண்டு. அதனைப் பின்னர்ப் பார்ப்போம்.

முதலில் அத்தொழில் யாது என்று அறிதல் வேண்டும். திரைப்படத்தில் அரங்கம் எழுப்புவதற்கு முன் கலை இயக்குநர் அதனை வரைந்து காட்டுகிறார் அல்லவா? அதுபோலவே, கணினி விளையாட்டில் வரும் ஊர், மனிதர், ஊர்தி, கருவி ஆகிய யாவும் முதலில் ஓவியமாகப் பிறக்கின்றன. இதனைக் 'கான்செப்ட் ஆர்ட்' என்பர். நாம் கருத்தோவியம் எனலாம். அவ்வோவியத்தைப் பார்த்து ஒருவர் முப்பரிமாண உருவம் செய்வார். ஒருவர் அதற்கு நிறமும் தோலும் பூட்டுவார். மற்றொருவர் அசைவு தருவார். விளையாடுவோர் அந்த முதல் ஓவியத்தைப் பெரும்பாலும் காண்பதே இல்லை. ஆதலின், அது சுவரில் மாட்டும் படம் அன்று. உடன் உழைப்போர்க்கு எழுதும் கடிதம். அழகு குறைந்தாலும் பொறுக்கலாம். தெளிவு குறைந்தால் பொறுக்க இயலாது.

இங்கேதான் நம் மாணவர் பலர் வழி தவறுகின்றனர் என்பது என் கருத்து. பிறர் வரைந்த டிராகனைப் பார்த்து நூறு முறை வரைவதனால் கை பழகும், கண் பழகாது. திண்டுக்கல் வட்டாரத்தில் பிறந்தவனுக்கு டிராகனினும் நல்ல பாடம் ஒன்று வீட்டுக் கதவிலேயே தொங்கிக்கொண்டிருக்கலாம். அது பூட்டு.

திண்டுக்கல் பூட்டு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. கையால் செய்யப்படும் அப்பூட்டில் மாங்காய் வடிவினது உண்டு. சதுர வடிவினதும் உண்டு. உள்ளே நெம்புத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். சாவியின் பற்கள் அவற்றை உரிய அளவு உயர்த்தினால்தான் பூட்டு வழிவிடும். இதனை எப்படி வரைவது? முன்புறம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பின்புறம் ஒன்று. வளைந்த கம்பி எந்தப் பக்கம் விடுபடுகிறது, சாவித்துளை எங்கே இருக்கிறது, பித்தளை எது, இரும்பு எது, பல்லாண்டுகள் கைபட்டு மழுங்கிய இடம் எது என்று தனித்தனியே குறித்துக் காட்ட வேண்டும். இவ்வாறு ஒரு தாளில் வரைந்து முடித்தவன் கருத்தோவியத்தின் பாதியைக் கற்றுவிட்டான். பூட்டறுக்கும் பட்டறையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் மீதியில் பெரும்பகுதியும் விளங்கும். (பட்டறைக்காரர் வேலையைக் கெடுக்காமல் நிற்க வேண்டும் என்பதும் ஒரு பாடமே.)

உள்ளூர்ப் பொருளை வரைந்தால் உலகம் ஏற்குமா என்று கேட்கலாம். கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்சு என்னும் சிறு நிறுவனம் 2023-இல் 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. தமிழ்நாட்டிலிருந்து 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தின் கதை அது. தாயிடமிருந்து வந்த சமையற்குறிப்பேடு சிதைந்து கிடக்கிறது. விடுபட்டதை ஊகித்துச் சமைப்பதே விளையாட்டு. இட்லித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி மேலே செல்லும் என்பது அதிலுள்ள ஒரு புதிர். தட்டின் துளைகளை ஓவியர் பிழையாக வரைந்திருந்தால் அப்புதிரே இல்லை! நம் வீடுகளில் நாள்தோறும் அடுப்பேறும் அப்பாத்திரத்தை உற்று நோக்கியவர் படைத்த அவ்விளையாட்டு, 2024-இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகமாகிய பாஃப்டாவின் முதற்படைப்பு விருதைப் பெற்றது. புனே நகரத்தார் 2020-இல் வெளியிட்ட 'ராஜி' என்னும் விளையாட்டும் இராசத்தானக் கோட்டைகளின் சாயலைக் கொண்டு எழுந்ததே.

உருவம் வரையப் பயில விரும்புவோர்க்குத் தாடிக்கொம்பு தொலைவில் இல்லை. அங்குள்ள சௌந்தரராசப் பெருமாள் கோயில் மண்டபத் தூண்களில் ஆளுயரச் சிற்பங்கள் நிற்கின்றன. உடலின் எடை எந்தக் காலில் இறங்குகிறது, தூக்கிய கையினால் தோள் எவ்வாறு சாய்கிறது என்பவற்றை அங்கே காணலாம். மாலை வெயிலில் சிலை நிழலுருவாகத் தெரியும்போது, அந்தப் புறவடிவத்தை மட்டும் வரைந்து பழகுவது மிக நன்று. விளையாட்டில் வீரன் திரையின் மூலையில் விரலளவு தோன்றினும் 'இவன் இன்னான்' என்று அறியப்பட வேண்டும். அதற்குப் புறவடிவமே துணை. 'ஆனந்த விகடன்' இதழில் தென்னாட்டுக் கோயிற் சிற்பங்களை வரைந்து புகழ்பெற்ற ஓவியர் சில்பி, சிலைகளின் முன்னே அமர்ந்தே வரைந்தார். எனினும் சிலை அளவுநூலின்படி செய்யப்பட்டது; மனிதன் அவ்வாறு இல்லை. ஆதலின், பேருந்து நிலையத்தில் காத்திருப்போரையும் சந்தையில் சுமை தூக்குவோரையும் வரைதல் வேண்டும். தொலைவு, ஒளி, பாறையின் திரட்சி ஆகியவற்றுக்குத் திண்டுக்கல் மலைக்கோட்டை இருக்கிறது.

இனி, பெற்றோரின் அச்சத்துக்கு வருவோம். இத்தொழில் நிலையானது என்று யாரும் உறுதி கூற இயலாது. 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் உலகெங்கும் விளையாட்டு நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானோரை வேலையினின்று நீக்கின. சொற்களைக் கொடுத்தால் படத்தைத் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் 2022 முதல் பரவிவிட்டன. பூட்டுப் போலத் தோன்றும் படத்தை அக்கருவி நொடியில் தரும். அந்தப் பூட்டு திறக்குமா என்று அறிந்து சொல்ல ஆள் வேண்டும். ஆனால் முன்போல் அத்தனை பேர் வேண்டுமா என்பது வேறு கேள்வி. இதனை மறைத்து மாணவரை ஊக்குவித்தல் நேர்மை ஆகாது.

ஆதலின் பள்ளிப் படிப்பைக் கைவிட்டு ஓவியத்தின் பின்னே செல்லுமாறு நான் கூறமாட்டேன். கணிதத்தில் வடிவியலும், அறிவியலில் ஒளியும், வரலாறும் இத்தொழிலுக்கு நேரே பயன்படுபவை. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் செல்லத்தக்க இடங்களும் உண்டு. 1850-இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளி இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. கும்பகோணத்திலும் அத்தகைய கல்லூரி உண்டு. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961-இல் தோன்றியது. எங்கே பயின்றாலும், வேலை தருவோர் பட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை; படத்தொகுப்பைக் கேட்பர். அதில் நூறு படங்கள் வேண்டா. நன்கு தேர்ந்த பதினைந்து போதும். முடிந்த ஓவியத்தோடு அதற்கு முன் வரைந்து கைவிட்ட சிறு வரைவுகளையும் சேர்க்க வேண்டும். சிந்தனை சென்ற வழியை அவை காட்டும். கணினி வாங்கும் வரை காத்திருக்கவும் வேண்டா. பென்சிலும் கோடிடாத ஏடும் இருந்தால், முதற்படமாக வீட்டுப் பூட்டை இன்றைக்கே வரையத் தொடங்கலாம்.