கேட்கப்படாத குற்ற உணர்வு

போர்முனையிலிருந்து திரும்பியவரிடம் தூக்கம் எப்படி, கெட்ட கனவு வருகிறதா, சத்தம் கேட்டால் திடுக்கிடுகிறதா என்றெல்லாம் விசாரிக்கிறோம். அங்கே செய்ததை நினைத்து மனம் குத்துகிறதா என்று மட்டும் விசாரிப்பதில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-இல் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோயை (பி.டி.எஸ்.டி.) தன் நோயறிதல் கையேட்டில் சேர்த்தபோது, மற்றவர்கள் சாகத் தான் பிழைத்ததற்கான, பிழைப்பதற்காகச் செய்த காரியங்களுக்கான குற்ற உணர்வும் அறிகுறிப் பட்டியலில் இருந்தது. 1987 திருத்தத்தில் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்திருக்கவே கூடாது.

1991-இல் ஹெர்பர்ட் ஹெண்டினும் ஆன் ஹாஸும் பி.டி.எஸ்.டி. உள்ள வியட்நாம் போர் வீரர்கள் 100 பேரை ஆராய்ந்து எழுதினார்கள். 19 பேர் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். அந்த முயற்சியோடு மிக நெருங்கிய தொடர்பு போர்க்களச் செயல்கள் பற்றிய குற்ற உணர்வுக்கே இருந்தது. பாஸ்டனில் அதே தலைமுறை வீரர்களுக்குச் சிகிச்சையளித்த ஜோனதன் ஷே, மேலிடத்தின் துரோகம் உண்டாக்கும் அறக்காயத்தைப் பற்றி எழுதினார். தானே செய்தது, தடுக்கத் தவறியது, கண்ணால் கண்டது ஆகியவற்றையும் பிரெட் லிட்ஸ் குழு 2009-இல் அதில் சேர்த்தது.

ஈராக்கில், சோதனைச் சாவடியில் நிற்காமல் வரும் காரை ஒரு சிப்பாய் சுடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கதவைத் திறந்தால் உள்ளே ஒரு குடும்பம். பல வருடம் கழித்து அவர் நம் எதிரே உட்கார்ந்து "நான் கொலைகாரன் டாக்டர்" என்கிறார். "விதிப்படிதானே சுட்டீங்க, உங்க தப்பில்லை" என்றுதான் நமக்கு வாயில் வரும். விதிப்படி சுட்டது அவருக்குத் தெரியாதா? அந்த ஆறுதலோடு அவர் பேச்சை நிறுத்திவிடுவார். லிட்ஸ் குழு அறக்காயத்துக்கு வகுத்த சிகிச்சையில் அவர் நடந்ததை முழுக்கச் சொல்கிறார். பிறகு, தான் மதிக்கிற, தன்மேல் பரிவுள்ள ஒருவரை மனத்தில் நிறுத்தி அவரிடம் அதை ஒப்புக்கொள்கிறார். அந்த நபர் என்ன பதில் சொல்வார் என்பதையும் தானே சொல்லிப் பார்க்கிறார்.

இதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை உயிரைக் காப்பதும் நம் வேலை. அமெரிக்க முன்னாள் வீரர்களின் தற்கொலைகளில் பத்துக்கு ஏழு துப்பாக்கியால் நேர்கின்றன. அங்கே படைவீரர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில், தற்கொலை எண்ணத்தோடு வந்த நோயாளியோடு சேர்ந்து, நெருக்கடியில் என்ன செய்வது என்ற பாதுகாப்புத் திட்டம் எழுதி, பின்னர் தொலைபேசியில் தொடர்ந்து விசாரித்தார்கள். அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை நடத்தை, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட 45% குறைவாக இருந்ததாக, அதை ஆராய்ந்த ஸ்டான்லியும் பிரவுனும் 2018-இல் எழுதினார்கள்.

நம் ஊரிலும் ஓய்வுபெற்ற ஜவான்கள் சொந்த உரிமத் துப்பாக்கியோடு வங்கிக் காவலுக்குப் போகிறார்கள். அப்படி ஒருவர் வந்தால், ராத்திரியில் துப்பாக்கி எங்கே இருக்கும், சாவி யாரிடம் என்று அவரிடமே நேராகக் கேளுங்கள். அவர் சம்மதித்தால் மனைவியையும் உட்காரவைத்துப் பேசி, கொஞ்ச காலம் அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க ஏற்பாடு செய்யுங்கள்.