25ஐ 30 ஆக்காதீர்கள்!

பெரஹெரா முடிந்த மறுநாளே, டிவியிலிருந்து பதிவு செய்த வீடியோக்கள் வரத் தொடங்கிவிடும். பேர் என்னவோ எச்.டி தான். ஆனால் வெஸ் நடனக்காரர் சுழலும்போது வெட்டி வெட்டி நிற்கிறார். சாட்டையடிப்பவரின் கையில் ஒரு சாட்டைக்கு இரண்டு தெரிகிறது. கேட்டால் “டிவிக்காரன் அனுப்பினதே அப்படித்தான்” என்கிறார்கள். இல்லை. டிவியில் வடிவாகத்தான் வந்தது. கெடுத்தது, அதை என்கோட் பண்ணிய கைகள்.

கணக்கு சின்னது. நம்ம ஊர் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். டிவியும் அதே வழியில் வந்தது. 1080ஐ ஒளிபரப்பில் ஒரு செக்கனுக்கு 50 அரைப்படங்கள் வருகின்றன. ஒன்றில் ஒற்றைக் கோடுகள், அடுத்ததில் இரட்டைக் கோடுகள். நேரடி ஒளிபரப்பில் ஒவ்வொரு அரைப்படமும் வேறு வேறு கணம். ஆக, அசைவு செக்கனுக்கு 50 தடவை பதிவாகியிருக்கிறது. இதை 25 பிரேமாகச் சுருக்கினால் பாதி அசைவு போச்சு. அந்த 25ஐ 30 ஆக்கினால் ஒவ்வொரு ஐந்து பிரேமுக்கும் ஒன்று திரும்ப வரும். செக்கனுக்கு ஐந்து விக்கல்! விக்கலை மறைக்க பிரேம்களைக் கலந்தால் பேய் மாதிரி நிழல் விழும். அந்த இரண்டாவது சாட்டை அப்படி வந்ததுதான்.

“30 தான் ஸ்டாண்டர்ட்” என்பார்கள். யாருக்கு? அமெரிக்காவின் 60 ஹேர்ட்ஸ் கரண்டில் பிறந்த எண் அது. யூடியூப் 50 பிரேமை ஏற்றுக்கொள்கிறது. எடுத்த வேகத்திலேயே ஏற்றுங்கள் என்று அதுவே சொல்கிறது.

“போன் ஸ்கிரீன் 60 தானே?” உண்மைதான், அங்கேயும் கொஞ்சம் தட்டும். ஆனால் அது ஸ்கிரீனின் குறை. நாளைக்கு நல்ல ஸ்கிரீன் வந்தால் சரியாகிவிடும். ஃபைலுக்குள் எழுதிவிட்ட விக்கல் எந்த ஸ்கிரீனிலும் போகாது.

“ஃபைல் பெரிசாகும்.” ஆகும், ஆனால் இரண்டு மடங்காகாது. அடுத்தடுத்த பிரேம்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் சுருக்கம் நன்றாகவே நடக்கும்.

சினிமா வேறு கதை. 24 பிரேமில் எடுத்த தமிழ்ப் படத்தை 25இல் ஓட்டித்தான் இந்தப் பக்க டிவிகளில் காட்டுவது வழக்கம். 150 நிமிடப் படம் 144இல் முடிந்துவிடும். சுருதியைத் திருத்தாவிட்டால் பாட்டும் முக்கால் அரைச்சுரம் அளவுக்கு ஏறிவிடும். அங்கே இரண்டு அரைப்படமும் ஒரே கணம். சேர்த்து 25ஆக வைத்தால் போதும், 50 தேவையில்லை. எது நேரடி, எது சினிமா என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே பட்டனை அமுக்குவதைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

பெரஹெராவையாவது வருசா வருசம் கெமராக்கள் எடுக்கும். மாசியில் தோட்டங்களில் ஆடுகிற காமன் கூத்துக்கு யார் இருக்கிறார்கள்? எப்போதாவது டிவியில் அரை மணித்தியாலம் வந்தால் உண்டு. அதைப் பதிவு செய்து, 30ஆக மாற்றி, “இடம் இல்லை” என்று மூலத்தையும் அழித்துவிடுகிறோம். தப்படிப்பவரின் குச்சி எந்தக் கணத்தில் தோலில் பட்டது, ஆடுகிறவரின் கால் எப்போது மண்ணில் விழுந்தது என்று நாளைக்கு ஒரு பிள்ளை அதைப் பார்த்துப் பழக வந்தால், விக்கலையா பழகும்? எங்கள் கலைகளை யாரும் ஆவணப்படுத்தவில்லை என்று மேடையில் கத்துகிற நாமே, கையில் கிடைத்த ஆவணத்தில் பாதியைக் குப்பையில் போடுகிறோம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மூல ஃபைலை அழிக்காதீர்கள். நேரடி நிகழ்ச்சி என்றால் ஒவ்வொரு அரைப்படத்தையும் ஒரு பிரேமாக்கி 50இல் வையுங்கள். எஃப்எஃப்எம்பெக்கில் யாடிஃப் வடிகட்டியைச் சும்மா விட்டால் 25 தான் தரும். மோட் 1 என்று கொடுங்கள், 50 வரும். ஒரே ஒரு எண். அதைத் தட்டவும் சோம்பல் என்றால், பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற பேச்சைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம்.