தென்காசி ஓட்டு யார் ஓட்டு?

தென்காசியின் தேர்தல் கணக்கைப் புரட்டிப் பார்ப்பவர் கண்ணில் இரண்டு எண்கள் படாமல் போகாது. ஒன்று 462. இன்னொன்று 370. 2016 சட்டசபைத் தேர்தலில் அண்ணா தி.மு.க. அபேட்சகர் செல்வமோகன்தாஸ் பாண்டியன், காங்கிரஸ் அபேட்சகர் பழனி நாடாரை 462 ஓட்டில் தோற்கடித்தார். 2021-ல் அதே இருவர் மறுபடியும் மோதினர். இம்முறை பழனி நாடார் 370 ஓட்டில் ஜெயித்தார். வழக்கு ஹைக்கோர்ட்டு வரை போயிற்று, 2023-ல் தபால் ஓட்டுக்களைத் திரும்பவும் எண்ணினார்கள், முடிவு மாறவில்லை.

370 ஓட்டு என்றால் எவ்வளவு? பீடி சுற்றும் ஒரு பெரிய தெருவிலே இருக்கிற ஓட்டு. சீசன் நாளில் குற்றாலத்துக்கு வருகிற ஏழெட்டு பஸ்களில் அடைந்து வரும் ஜனக்கூட்டம். ஒன்றேமுக்கால் லட்சம் பேருக்கு மேல் இந்த இருவருக்கும் ஓட்டுப் போட்ட தொகுதியில், ஒரு தெரு நினைத்திருந்தால் எம்.எல்.ஏ. மாறியிருப்பார்!

அப்படியானால் உழைப்பவன்தானே இங்கே எஜமான்? ஓட்டுக் கணக்கைப் பார்த்தால் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஆனால் தேர்தல் முடிந்த மறுநாள் பீடித் தட்டு முன்னால் உட்காரும் தாய்மார்களையும், நெற்றுத் தேங்காய் உரிக்கும் தோழர்களையும், நூற்பு ஆலையின் இரவு ஷிப்டுக்குப் போகும் வாலிபர்களையும் கேட்டுப் பாருங்கள். தாங்கள் எஜமான் என்று அவர்களில் எவரும் சொல்ல மாட்டார். இந்த முரண்பாடு எங்கிருந்து வந்தது என்பதையே நாம் இந்த வாரம் பேச விரும்புகிறோம்.

தென்காசி ஜில்லா 2019 நவம்பரில் பிறந்தது. இதில் சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், கடையநல்லூர், தென்காசி, ஆலங்குளம் என்று ஐந்து சட்டசபை ஸ்தானங்கள். பார்லிமெண்ட் தேர்தல் வந்தால் ஆலங்குளம் திருநெல்வேலிக்குப் போய்விடுகிறது. விருதுநகர் ஜில்லாவின் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசியோடு சேர்கின்றன. ஆக, ஆலங்குளத்துப் பீடித் தொழிலாளியும் தென்காசிப் பீடித் தொழிலாளியும் வெவ்வேறு எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ராஜபாளையம் மில் தொழிலாளியும், புளியங்குடி எலுமிச்சைத் தோட்டத்தில் காய் பறிப்பவரும், குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைப்பவரும் ஒரே எம்.பி.க்கு ஓட்டுப் போடுகிறார்கள். ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் ஒன்று சேர வேண்டும் என்று நாம் மேடைதோறும் பேசுகிறோமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான தொகுதியை எங்கே தேடுவது?

ஆனால் இந்தத் தொகுதி எப்படி ஓட்டுப் போட்டது? 1957 முதல் 1991 வரை நடந்த ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் தென்காசி காங்கிரஸுக்கே ஓட்டளித்தது. 1967-ல் ராஜ்யம் முழுவதும் காங்கிரஸ் மண்ணைக் கவ்வியது; 39 பார்லிமெண்ட் ஸ்தானங்களில் மூன்றே மூன்றுதான் அதற்கு மிஞ்சியது. அந்த மூன்றில் ஒன்று தென்காசி! எம். அருணாசலம் 1977-லிருந்து தொடர்ந்து ஆறு முறை இங்கே ஜெயித்தார். ஆறாவது முறை, 1996-ல், தமிழ் மாநிலக் காங்கிரஸின் பெயரில். 1998-ல்தான் அண்ணா தி.மு.க. வந்து அந்தச் சங்கிலியை அறுத்தது.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. செங்கோட்டை 1956 நவம்பர் 1-ந் தேதிதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது. அந்தத் தாலுகாவின் மலைப்பகுதி கேரளத்திலேயே நின்றுவிட்டது. சில மாதங்களில் 1957 பொதுத்தேர்தல். ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் ஓட்டுப் போட்ட கேரள மக்கள் ஏப்ரல் 5-ந் தேதி தோழர் இ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் மந்திரிசபையையே அமைத்துவிட்டார்கள். இந்தப் பக்கம் ஓட்டுப் போட்ட நம் மக்கள் காங்கிரஸ் எம்.பி.யை டில்லிக்கு அனுப்பினார்கள். மழை ஒன்று, மலை ஒன்று, கூலிக்காரன் வயிறும் ஒன்று. ஓட்டு மட்டும் ஏன் இரண்டாயிற்று?

நம் மக்களுக்கு விவரம் போதாது என்று சிலர் சொல்வதுண்டு. நாம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பக்கத்தில் விவசாயிக்குச் சங்கம், கயிறு திரிப்பவருக்குச் சங்கம், முந்திரி உடைப்பவருக்குச் சங்கம் என்று வருஷக்கணக்கில் கட்டி வைத்திருந்தார்கள். ஓட்டுப்பெட்டி வருவதற்கு முன்பே சங்கம் வந்துவிட்டது. இங்கே ஓட்டுப்பெட்டி முதலில் வந்தது. சங்கம் இன்னும் பல கிராமங்களுக்கு வந்து சேரவில்லை. நடுவில் காலியாகக் கிடந்த இடத்தில் மிராசுதாரரும், மண்டிக்காரரும், சாதிப் பெரியதனக்காரரும் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டார்கள்.

இனி நம் கட்சியின் கதைக்கு வருவோம். இதைப் பேசாமல் பிறரைக் குறை சொல்வது நேர்மையாகாது. 2004-ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தோழர் மு. அப்பாதுரை தென்காசியில் ஜெயித்தார். 2009-ல் தோழர் பொ. லிங்கம் ஜெயித்தார். இரண்டு முறையும் கதிர் அரிவாளுக்குத்தான் ஓட்டு. ஆனால் முதல் முறை நாம் தி.மு.க., காங்கிரஸ் அணியில் இருந்தோம். இரண்டாம் முறை அண்ணா தி.மு.க. அணியில் இருந்தோம். 2014-ல் இரு கம்யூனிஸ்ட் கட்சிகளும் தனியே நின்றன. ஆளுக்கு ஒன்பது என்று 18 ஸ்தானங்கள். பதினெட்டிலும் டிபாசிட் போயிற்று, தென்காசி உட்பட. பதிவான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு கிடைத்தால் டிபாசிட் திரும்பி வரும். பத்து வருஷம் நம் எம்.பி. இருந்த இடத்தில் நமக்கு அந்த ஆறில் ஒரு பங்கு கிடைக்கவில்லை.

இதைப் படிக்கும் தோழர்களுக்கு மனம் வலிக்கும். எழுதும் நமக்கும் வலிக்கிறது. 2004-லும் 2009-லும் விழுந்தவற்றில் நம் சொந்த ஓட்டு எவ்வளவு, கூட்டாளி கொண்டுவந்த ஓட்டு எவ்வளவு என்று ஜெயித்த அன்றே நாம் எண்ணிப் பார்க்கவில்லை. 2014 அதை எண்ணிக் காட்டியது.

அதனால் அந்த இரண்டு வெற்றிகளும் வீணா? ஒருபோதும் இல்லை. 2004-ல் பார்லிமெண்டுக்குப் போன கம்யூனிஸ்ட் கட்சி எம்.பி.க்கள் பத்துப் பேர். அவர்களில் ஒருவர் தென்காசி எம்.பி. இடதுசாரிகள் எல்லோருமாக அறுபது பேர் அளவில் இருந்தார்கள். அவர்கள் ஆதரவில்லாமல் அன்றைய டில்லி சர்க்கார் ஒருநாள்கூட நிற்க முடியாத நிலை. அந்தப் பார்லிமெண்ட்தான் 2005-ல் கிராமப்புற வேலை உறுதிச் சட்டத்தை நிறைவேற்றியது. திருநெல்வேலி ஜில்லாவுக்கு அந்த நூறு நாள் வேலை 2007-ல் வந்தது. அதற்கு முன்னால் களை எடுக்கும் பெண்ணுக்கு என்ன கூலி என்பதைப் பண்ணையார் வாய் தீர்மானித்தது. அந்த வேலை வந்த பிறகு, "இந்தக் கூலிக்கு வரமாட்டேன்" என்று சொல்ல அவளுக்கு ஒரு மாற்று வழி பிறந்தது. வாசுதேவநல்லூர் வயலில் கூலி உயர்ந்ததற்கும் 2004 மே 10-ந் தேதி போட்ட ஓட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று நாம் அன்று வீடுவீடாகச் சொன்னோமா? போதுமான அளவு சொல்லவில்லை. சொல்லாததால் அது யாரோ கொடுத்த தர்மம் என்று ஆகிவிட்டது.

அந்தச் சட்டம் இன்று இல்லை. 2025 டிசம்பரில் டில்லி சர்க்கார் அதை எடுத்துவிட்டு வேறு சட்டம் கொண்டுவந்தது. நூறு நாளை 125 நாளாக்கினோம் என்கிறார்கள். ஆனால் செலவில் 40 சதவிகிதத்தை ராஜ்ய சர்க்கார் தலையில் கட்டியிருக்கிறார்கள். விதைப்பும் அறுப்பும் நடக்கும் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கவும் அதில் இடமிருக்கிறது. கூலி கேட்க வலு இருக்கும் காலம் அதுதானே? அதே வருஷம் நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமுலுக்கு வந்தன. அவை விழுங்கிய 29 சட்டங்களில் 1966-ம் வருஷத்துப் பீடித் தொழிலாளர் சட்டமும் ஒன்று. பீடித் தொழிலாளியின் ஆஸ்பத்திரிக்கும் பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப்புக்கும் பணம் தந்துகொண்டிருந்த தனி வரி 2017-லேயே ஜி.எஸ்.டி. வந்தபோது ஒழிக்கப்பட்டது. பார்லிமெண்ட் நமக்கு எட்டாத விஷயம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

2024-க்கு வருவோம். தி.மு.க. அபேட்சகர் ராணி ஸ்ரீகுமார் சுமார் 4 லட்சத்து 25 ஆயிரம் ஓட்டு வாங்கி ஜெயித்தார். இரட்டை இலையில் நின்ற டாக்டர் கிருஷ்ணசாமிக்கு 2 லட்சத்து 29 ஆயிரம். தாமரையில் நின்ற ஜான் பாண்டியனுக்கு 2 லட்சத்து 8 ஆயிரம். நாம் தமிழர் கட்சிக்கு 1 லட்சத்து 30 ஆயிரம். இரண்டாவதையும் மூன்றாவதையும் கூட்டுங்கள், முதலாவதை மிஞ்சிவிடும். கிட்டத்தட்ட இரண்டு லட்சம் வித்தியாசம் என்று பத்திரிகைகள் எழுதின. அது மெய்தான். அந்த வித்தியாசம் எதிரணி பிளந்ததால் வந்தது என்பதும் மெய்தான். டில்லியில் ஆளும் கட்சிக்கு எதிராக நின்ற அணி ஜெயித்தது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்த மகிழ்ச்சியில் கூட்டல் கணக்கை மறந்தால், 2014-ல் பட்ட அடியை மறந்தவர்கள் ஆவோம்.

தென்காசி தனித்தொகுதி. அதற்குள் இருக்கும் ஆறு சட்டசபை ஸ்தானங்களில் சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், ஸ்ரீவில்லிபுத்தூர் மூன்றும் தனித்தொகுதிகளே. நிற்பவர் தாழ்த்தப்பட்ட சமூகத்தவராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. போராடிப் பெற்ற உரிமை அது. ஆனால் நிற்பவரைத் தேடிப் பிடிப்பவர் யார், செலவழிப்பவர் யார், ஜெயித்த பிறகு அவரை எந்த வீட்டு வாசலில் காக்க வைக்கிறவர் யார் என்று சட்டம் ஒன்றும் சொல்வதில்லை. ஸ்தானம் தனியாக இருக்கிறது. அதிகாரம் பழைய கையில் இருக்கிறது. சேரித் தெருவுக்குள் வந்து ஓட்டுக் கேட்பவர்கள், அந்தத் தெருக்காரர் ஊர்க்கிணற்றுப் பக்கம் நடந்தால் முகம் சுளிக்கும் காட்சியை நம் தோழர்கள் எத்தனையோ கிராமங்களில் பார்த்திருக்கிறார்கள்.

தேர்தல் நடக்கும் காலத்தையும் கவனியுங்கள். 2014, 2019, 2021, 2024 எல்லாமே ஏப்ரல் மாதம். அப்போது குற்றாலத்தில் தண்ணீருக்குப் பதில் பாறைதான் பெரும்பாலும் தெரியும். கடைக்காரர் கையில் காசில்லை. ஆட்டோக்காரருக்கு சவாரி இல்லை. வயலிலும் வேலை மட்டு. அந்த வறண்ட மாதத்தில்தான் செண்பகவல்லி அணையைச் சரிசெய்வோம், ராமநதியையும் ஜம்புநதியையும் கால்வாய் வெட்டி இணைப்போம் என்று ஒவ்வொரு கட்சிக்காரரும் வந்து சொல்கிறார். ஜூனில் சாரல் விழுகிறது. அருவி கொட்டுகிறது. வாக்குறுதியும் அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது. (2024-ல் ஓட்டு எண்ணியதே ஜூன் 4-ந் தேதி!)

இதே வறண்ட மாதத்தில்தான் நம் ஆட்கள் ஊரில் இருப்பதில்லை. கட்டட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போய்விடுகிறார்கள். வாலிபர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருக்கிறார்கள். 2024-ல் தென்காசியில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஓட்டுப் போடவில்லை. எஸ்டேட் முதலாளியும் கமிஷன் மண்டிக்காரரும் ஓட்டுப் போடாமல் இருந்திருப்பார்கள் என்று நாம் நம்பவில்லை.

இப்போது இன்னொரு அபாயம். 2025 கடைசியில் நடந்த விசேஷ தீவிரத் திருத்தத்தில் தமிழகம் முழுவதும் 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்களை வரைவுப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். இறந்தவர், இரட்டைப் பதிவு நீங்கலாக, மீதிப் பேருக்கு எழுதிய காரணம்: இடம் மாறினார், வீட்டில் இல்லை. பிழைக்கப் போனவன் வீட்டில் எப்படி இருப்பான்? 370 ஓட்டில் முடிவு மாறும் ஊரில் ஒரு பெயர் விட்டுப்போவது அற்ப விஷயமல்ல.

ஆகவே சில காரியங்கள் உடனே ஆக வேண்டும். ஒவ்வொரு கிளையும் தன் வாக்குச்சாவடிப் பட்டியலை வாங்கி, கூட்டத்தில் உரக்க வாசிக்க வேண்டும். பெயர் இல்லாதவருக்கு 6-ம் நம்பர் பாரமும், வீடு மாறியவருக்கு 8-ம் நம்பர் பாரமும் கொடுக்கலாம். தேர்தல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஓட்டுப்பதிவு நாளில் சம்பளத்தோடு லீவு தர வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு. தினக்கூலிக்கும் அது உண்டு. தொகுதிக்கு வெளியே வேலை செய்பவருக்கும் உண்டு. மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். முதலாளிக்கு அது வெற்றிலைச் செலவு. அதனால் மில் கமிட்டித் தோழர்கள் தேர்தல் தேதி வந்தவுடனேயே லீவை எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

ஓட்டுக் கேட்டு வருபவர் எந்தக் கொடியோடு வந்தாலும், நம் கூட்டாளியாகவே இருந்தாலும், வாசலில் நிறுத்தி நாலு விஷயம் கேளுங்கள். ஆயிரம் பீடிக்கு என்ன கூலிக்குப் பேசுவாய்? அறுப்புக் காலத்தில் வேலையை நிறுத்தும் 60 நாளுக்கு ஆதரவா, எதிர்ப்பா? ஒழித்த பீடி வரிக்குப் பதிலாக ஆஸ்பத்திரிக்கு எந்தப் பணம்? செண்பகவல்லிக்காகக் கேரளத்தோடு பேச எந்த மாதம் போவாய்? அவர் சொல்லும் பதிலைத் தேதி போட்டுக் கிளையின் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கேரளத்துக்கும் திருப்பூருக்கும் போனவர்களின் பெயரையும், அவர்கள் இருக்கும் ஊரையும் அதே நோட்டில் அடுத்த பக்கத்தில் எழுதி வையுங்கள்.