கொன்ற கதைக்கு முன்னால் வாழ்ந்த கதை!

விக்கிரமங்கலத்தில் ஒரு டீக்கடை. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் நண்பனிடம் பெருமையாகச் சொன்னான்: "எங்க வாத்தியார் பெரிய ஹிட்லர்டா!"

கடையில் இருந்த பெரியவர்கள் சிரித்தார்கள். நான் பையனைக் கூப்பிட்டு, "ஹிட்லர் யார், தம்பி?" என்று கேட்டேன்.

"ரொம்பக் கண்டிப்பானவர் சார். யூதர்களை எல்லாம் கொன்னாரு."

"யூதர்கள் யார்?"

பையன் விழித்தான். "அவர் கொன்னாரே, அவங்கதான் சார்!"

குற்றம் பையன் மீது இல்லை. நாம் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். ஒரு கூட்டம் செத்த கதையை மட்டும் சொன்னால், பிள்ளையின் மனத்தில் கொன்றவன்தான் பெரிய ஆளாக நிற்பான். ஆகவே, வாழ்ந்த கதையை முதலில் சொல்லவேண்டும். அதற்கு ஜெர்மனிக்குப் போகவேண்டாம். கொச்சிக்குப் போனால் போதும்.

அங்கே மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய யூதக் கோயில் இருக்கிறது. ராஜாவின் அரண்மனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது!

அந்த யூதர்களிடம் ஒரு செப்பேடு உண்டு. வயது ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு. தஞ்சையில் ராஜராஜன் பெரிய கோயில் கட்டிய காலத்தை ஒட்டியது. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்ற யூத வணிகருக்குக் கொடுத்தது. பல்லக்கில் போகலாம், குடை பிடிக்கலாம், பகலில் விளக்கு ஏந்திச் செல்லலாம், வரி கட்ட வேண்டாம் என்று 72 உரிமைகள். அவருக்கு மட்டுமல்ல, மகன், மகள், மருமகன் என்று வழிவழியாக! பகலில் விளக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் அது பெரிய மரியாதை.

நம் ஊரும் சோழர் காலத்தில் வணிகர்கள் இருந்த ஊர்தான். சிவன் கோயில் உள்ள இதே ஊரில் புத்தர் சிலையும் சமணச் சிலையும் இருக்கின்றன. வேறு சாமியைக் கும்பிடுகிறவர் பக்கத்தில் குடியிருப்பது நமக்குப் புதிதல்ல.

1948-இல் இஸ்ரேல் நாடு பிறந்தது. அதன்பின் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் தாமாகவே அங்கே போனார்கள். யாரும் விரட்டவில்லை. இன்று கொச்சியில் இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஹிட்லரைச் சொல்லுங்கள். 1933-இல் அவன் பதவிக்கு வந்தான். முதலில் வேலையைப் பிடுங்கினான். பள்ளிக்கூடக் கதவைச் சாத்தினான். பிறகு உயிரை எடுத்தான். 1945-க்குள் மாண்ட யூதர்கள் சுமார் 60 லட்சம். அவர்களில் குழந்தைகள் பல லட்சம். ஆன் பிராங்க் என்ற சிறுமி இரண்டு ஆண்டு ஒளிந்திருந்து டைரி எழுதினாள். பிடிபட்டு, 15 வயதில் முகாமில் செத்தாள்.

பயமுறுத்தும் படங்களைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம் என்பது என் கருத்து. அந்த டைரி போதும்.

டீக்கடைப் பையனுக்கும் இப்படித்தான் சொன்னேன். வாத்தியார் பேச்சை அவன் பிறகு எடுக்கவே இல்லை. போகும்போது கேட்டான்:

"சார், அந்தச் செப்பேட்டை என்னால படிக்க முடியுமா?"

"மொழி தமிழுக்கு நெருக்கமான பழைய மொழிதான் தம்பி. எழுத்துதான் வட்டெழுத்து. கற்றுக்கொண்டால் படிக்கலாம்" என்றேன்.