வண்டி கூப்பிட்டா காது கொடுங்க

"பழைய வண்டியில சத்தம் வராம பின்ன சங்கீதமா வரும்?"

போன வருஷம் பாதி நாள் இதைச் சொல்லித்தான் தங்கமணியிடம் தப்பித்துக்கொண்டிருந்தேன். இன்னிக்கு அப்படியே எதிர்க்கட்சிக்கு மாறிப் பேசப்போறேன், பொறுத்துக்கோங்க :-)

நமக்கு வாசம் புனேயில். வண்டி 2009 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். கம்பெனி பேரெல்லாம் வேண்டாம், வயசான காலத்தில் அதை எதுக்குச் சந்தி சிரிக்க வைக்கணும். 2024-ல் 15 வருஷம் முடிந்து, ஆர்.டி.ஓ.வில் கொண்டுபோய்க் காட்டி, இன்னும் 5 வருஷத்துக்கு ஆர்.சி.யைப் புதுப்பிச்சாச்சு. மே மாசம் சேலம் போவதும் இதில்தான். பெங்களூருக்கே 840 கி.மீ. கிட்ட ஆகும், அதுக்கப்புறம் இன்னும் 200. பின் சீட்டில் பிள்ளைங்க ரெண்டு பேர், அம்மா. அதனால் இதை வெறும் கார்க்கதைன்னு நினைச்சுடாதீங்க.

மழைக்காலம் முடிந்ததும் ஆரம்பிச்சது. முன்னாடி இடது பக்கம், மெதுவாப் போகும்போது, மேடு பள்ளத்தில் 'லொடலொட'. சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கே முதல் சிக்கல் பாஷை. நம்ம ஊரா இருந்தா லொடலொட, கடகட, கிறீச், சலசலன்னு இரட்டைக்கிளவியிலேயே பாதி நோயைச் சொல்லிடலாம். இங்கே ஆவாஜ் ஆண்பாலா பெண்பாலான்னே 12 வருஷமா பிடிபடலை. "ஆவாஜ் ஆ ரஹா ஹை"ன்னு முடிச்சுக்கிட்டேன். கவுண்ட்டரில் இருந்தவர் ஜாப் கார்டில் 'ஃப்ரண்ட் நாய்ஸ்'ன்னு ரெண்டே வார்த்தை எழுதினார். ஸ்பானர் பிடிக்கிறவர் உள்ளே எங்கேயோ இருந்தார். சத்தத்தைக் கேட்ட நானும் அவரும் சந்திக்கவே இல்லை.

சாயங்காலம் முன் ஷாக் அப்சார்பர் ரெண்டும் மாற்றி 9,000 ரூபாய் பில். ரெண்டாம் நாள் அதே லொடலொட. திரும்பப் போனேன். "பழைய வண்டி சார், இப்படித்தான் இருக்கும், கொடுத்துட்டு புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். எனக்கும் ஆபீசில் ஆணி அதிகம். பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். பிரச்சினை தீர்ந்தது! 5 மாசம் அப்படியே ஓடினது.

ஒருநாள் ஸ்கூலிலிருந்து வரும்போது சின்னவள் சொன்னாள், "அப்பா, இப்ப லொடலொட மட்டும் இல்லப்பா. திரும்பும்போது டொக்குனு ஒண்ணு கேக்குது." நான் வழக்கம்போல சங்கீத வசனத்தை எடுத்தேன். தங்கமணி ஒரே போடாப் போட்டார். "இதைப் பார்க்காம அத்தையை இந்த வண்டியில ஏத்த மாட்டேன்."

இந்தத் தடவை வீட்டுப் பக்கத்தில் இருக்கிற சின்ன கேரேஜ். நடத்துறவர் உத்தரப்பிரதேசக்காரர், அவரும் நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்தான். பானெட்டைத் திறக்கவே இல்லை. "நீங்க ஓட்டுங்க, நான் கேக்கறேன்"னு பக்கத்தில் ஏறி உட்கார்ந்துட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி: "கட்-கட்டா, கர்-கர்ரா?" அட, இந்தியிலும் இரட்டைக்கிளவி இருக்கு, நான்தான் இத்தனை நாள் கேட்டு வைத்துக்கொள்ளலை.

கிளம்பறதுக்கு முன்னாடி டிக்கியைக் காலி பண்ணச் சொன்னார். ஜாக்கி, ஹேண்டில், ஸ்டெப்னி, கதவு பாக்கெட்டில் கிடந்த சில்லறை, எல்லாம் வெளியே. வண்டியை நிறுத்தி வைத்து ஆக்சிலேட்டர் கொடுக்கச் சொன்னார். சத்தம் இல்லை. அப்படின்னா சைலன்சர் மேலே இருக்கிற ஹீட் ஷீல்டு தகரம் இல்லை. பள்ளத்தில் பிரேக்கை லேசா மிதிக்கச் சொன்னார். சத்தம் நிக்கலை. அப்போ பிரேக் பேடு ஆடலை. ஸ்பீடு பிரேக்கரில் ரெண்டு சக்கரமும் ஒண்ணா ஏறினப்போ அமைதி. ஒத்தைச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினா லொடலொட. "ஸ்டெபிலைசர் லிங்க்" என்றார். ரெண்டு பக்கச் சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கினா அந்தக் கம்பிக்கு வேலை கிடையாது, ஒண்ணு ஏறி இன்னொண்ணு ஏறாதப்போதான் அது முறுக்கும். அதோட முனைக் குண்டு தேய்ஞ்சா சின்னப் பள்ளத்துக்கெல்லாம் ஆடும். ஷாக் அப்சார்பருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை!

அந்த 'டொக்' மட்டும் பாக்கி. ஜாக்கி போட்டு, டயரை மேலேயும் கீழேயும் பிடிச்சு ஆட்டினார். ஆடியது. கடப்பாரையைக் கொடுத்து நெம்பிக் காட்டினார். லோயர் ஆர்மில் பால் ஜாயின்ட். ரப்பர் உறை கிழிஞ்சு, மழைத் தண்ணியும் மண்ணும் போய்க் குண்டு தேய்ஞ்சிருந்தது. ஓடும்போது அது கழண்டால் சக்கரம் வெளிப்பக்கமா மடங்கிடும். அதுக்கப்புறம் ஸ்டீயரிங் கையில் இருந்து என்ன பிரயோஜனம்? கம்பட்கி காட்டில் லாரிகளுக்கு நடுவே, பின்னாடி அம்மாவை வைத்துக்கொண்டு அது நடந்திருந்தால்... அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

லிங்க் ரெண்டு, லோயர் ஆர்ம், வீல் அலைன்மென்ட் எல்லாம் சேர்ந்து 5,000 ரூபாய்க்குள் முடிஞ்சது.

என் கருத்து இதுதான். பழசானதால வண்டியில் சத்தம் வருதுன்னு சொல்றதே தப்பு. ஏதோ ஒரு பொருள் தேய்ஞ்சோ, கழண்டோ, துருப்பிடிச்சோ போனதால் வருது. அந்தப் பொருளுக்குப் பேர் உண்டு, விலை உண்டு. 'வயசு'ங்கிறது தேடறதுக்குச் சோம்பல்படும் கடைக்காரரும், செலவுக்குப் பயப்படும் நாமும் சேர்ந்து கண்டுபிடிச்ச சாக்கு.

எல்லாச் சத்தமும் ஆபத்தானது இல்லைதான். ஹீட் ஷீல்டு தகரத்துக்கு ஒரு கிளாம்ப் போதும். ஆனா ஆபத்தில்லைன்னு கண்டுபிடிச்ச பிறகுதான் சொல்லணும், முன்னாடியே சொல்லக்கூடாது. ஒரு சத்தத்துக்குக் காது பழகிட்டா, அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சு வர்ற ரெண்டாவது சத்தம் கேட்காது. எனக்குக் கேட்கலை. 9 வயசுப் பொண்ணுக்குக் கேட்டது.

நம்மை மாதிரி ஊருக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டறவங்க செய்ய வேண்டியது பெருசா ஒண்ணுமில்லை. முதலில் வண்டியைக் காலி பண்ணுங்க. பாட்டை நிறுத்துங்க. எப்போ வருது, நின்னா வருதா, திரும்பினா வருதா, பிரேக் பிடிச்சா நிக்குதான்னு ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்க. வீட்டில் யாரையாவது ஓட்டச்சொல்லி, பின் சீட்டில் உட்கார்ந்து கேளுங்க. கடையில் வேலை செய்யப்போறவரே கூட ஏறி ஒரு ரவுண்டு வராம எந்தப் பார்ட்டையும் மாற்ற விடாதீங்க. மாற்றினப்புறமும் அதே ரோட்டில் இன்னொரு ரவுண்டு. இந்தியில் பால் தப்பினா பரவாயில்லை, வாயாலேயே சத்தம் போட்டுக் காட்டுங்க. எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அது புரியும்.

மே மாசம் கிளம்பினோம். சாத்தாரா தாண்டினதும் அம்மா பின்னாடியிருந்து கேட்டாங்க, "ஏன்டா, பாட்டுப் பெட்டி ரிப்பேரா?"

"இல்லம்மா. சும்மா கேட்டுக்கிட்டு வர்றேன்."

"எதை?"

"ஒண்ணும் கேக்கலைம்மா. அதைத்தான்."